கேள்விகளின் வயது

காந்த ஒலிநாடா வானொலி நிலையங்களை ஆண்ட காலத்தில் மௌனத்தை அளவுகோல் வைத்து அளக்க முடிந்தது. நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவில், பேசுகிறவர் ஒரு நொடி தயங்கினால், அந்தத் தயக்கம் 38 சென்டிமீட்டர் நீளமுள்ள பேச்சில்லாத துண்டாகத் தொகுப்பாளரின் கையில் கிடக்கும். அவர் அதைச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டினால் போதும், தயங்கியவர் தயங்காதவராகிவிடுவார். ஆட்கள் பேசாத அறைக்கும் ஓர் ஒலி உண்டு என்பதால், தேர்ந்த தொகுப்பாளர்கள் அதே அறையின் வெறும் மௌனத்தைத் தனியே சிறிது பதிவு செய்து வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் அதை ஒட்டவும் செய்தார்கள். ஆகவே ஒரு பழைய வானொலி உரையாடலில் நாம் இன்று கேட்கும் மௌனம் பேசியவருடையதாகவும் இருக்கலாம், தொகுப்பாளருடையதாகவும் இருக்கலாம்.

வாழ்க்கையைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் வானொலியில் நிதானமாக நடந்த பேச்சுகள், காப்பகங்கள் எண்முறைக்கு மாற்றப்படுவதால், இப்போது மறுபடியும் வெளிச்சத்துக்கு வருகின்றன. அவற்றைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கே சொல்லப்பட்ட கருத்துகளுக்காகவே போகிறார்கள். ஆனால் கருத்துகள்தாம் முதலில் பழசாகின்றன. குழந்தை வளர்ப்பு, மனநோய், திருமணம், குற்றம் என எதை எடுத்துக்கொண்டாலும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட பதிலில் ஒரு பகுதி இன்று எல்லாருக்கும் தெரிந்ததாகவும் இன்னொரு பகுதி தவறென்று ஆனதாகவும் இருக்கும். மறுமுறை கேட்பதில் கிடைக்கும் உண்மையான செல்வம் கேள்விகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். பதில் சொல்பவர் தம் காலத்தைத் தாண்டிப் பேசிவிடக்கூடும். கேள்வி கேட்பவருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. அவர் அன்றைய நேயர்களின் சார்பில் கேட்கிறார், அதனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் அநாகரிகம், எது யாருக்கும் கேட்கவே தோன்றாது என்ற அந்தக் காலத்தின் எல்லைக்கோடு அவருடைய வாயிலிருந்து தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது. இதைக் கவனிக்க வேண்டுமானால் அந்தப் பேச்சு எப்படி உருவாக்கப்பட்டது என்ற பின்னணி தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதி வாசித்ததை மனம் திறந்த பேச்சென்று நம்பி ஏமாற நேரும்.

ஏமாற நேரும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வானொலியின் முதல் பதினைந்து இருபது ஆண்டுகளில் உரையாடல் என்ற பெயரில் ஒலித்தவற்றில் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியைப் பார்த்து வாசிக்கப்பட்டதே. பி.பி.சி.யில் 1927-இல் உரைகள் துறையின் பொறுப்பை ஏற்ற ஹில்டா மாத்திசன், மேடைச் சொற்பொழிவும் பிரசங்கமும் ஒலிவாங்கியின் முன் எடுபடாமல் போவதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். கேட்பவர் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருக்கவில்லை, தம் வீட்டில் தனியாகவோ இரண்டு மூன்று பேருடனோ இருக்கிறார், ஆகவே ஒரே ஒருவரிடம் பேசுவது போலப் பேச வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இன்று வானொலிக் குரல் என்று நாம் அடையாளம் காணும் அந்தத் தாழ்ந்த, நெருக்கமான தொனி இவ்வாறு திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. அவர் பேச்சாளர்களை ஒத்திகை பார்க்க வைத்தார், அவர்களுடைய எழுத்து நடையைப் பேச்சு நடைக்கு மாற்ற வைத்தார். இயல்பாகப் பேசுவதற்கு ஒத்திகை தேவைப்பட்டது என்பது முரணாகத் தோன்றினாலும், காகிதத்தைப் பார்த்து வாசிக்கும் ஒருவர் வாசிப்பதாகத் தெரியாமல் இருப்பதற்கு வேறு வழி இருக்கவில்லை.

பிரதி கட்டாயமாக இருந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. சர்ச்சைக்குரிய விஷயங்களை ஒலிபரப்பக் கூடாது என்று பி.பி.சி.க்கு இருந்த தடை 1928-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் நீக்கப்பட்டது. தடை நீங்கிய பிறகும் முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் தரக்கூடிய பிரதி இல்லாமல் ஒருவரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைப்பதற்கு நிர்வாகம் அஞ்சியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தணிக்கையும் சேர்ந்துகொண்டது. 1942 ஜனவரி 29 அன்று முதன்முதலில் ஒலிபரப்பாகி இன்றும் தொடர்ந்து வரும் டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ் நிகழ்ச்சியில், ஆளில்லாத தீவுக்கு எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர்கள் என்று விருந்தினரிடம் நிகழ்ச்சியை நடத்திய ராய் பிளம்லி கேட்பதும் அவர் பதில் சொல்வதும் ஆரம்ப ஆண்டுகளில் முன்பே எழுதப்பட்ட வசனங்களாக இருந்தன. சிரிப்புக்குரிய இடம்கூடப் பிரதியில் குறிக்கப்பட்டிருக்கும் வகைப் பேச்சு அது. ஒருவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி என்று நாம் அறிந்திருக்கும் ஒன்று, திரும்பிப் பார்ப்பதை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியாகத் தொடங்கியிருக்கிறது.

பிரதியில்லாத பேச்சுக்கு மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதை 1941-இல் தொடங்கிய பிரெய்ன்ஸ் டிரஸ்ட் நிகழ்ச்சியின் வெற்றி காட்டியது. நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, தத்துவ ஆசிரியர் சி.இ.எம். ஜோட், கடற்படையில் இருந்த காம்ப்பெல் ஆகியோர் முன்தயாரிப்பில்லாமல் பதில் சொன்னார்கள். வாழ்க்கையின் பொருள் என்ன என்ற கேள்வியும், ஈ எப்படிக் கூரையில் தலைகீழாக உட்காருகிறது என்ற கேள்வியும் அங்கே ஒரே மதிப்போடு விவாதிக்கப்பட்டன. எதைக் கேட்டாலும் "நீங்கள் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்று ஜோட் தொடங்குவது நாடு முழுவதும் கேலிக்குரிய வழக்குச்சொல்லாகிவிட்டது. அதே ஜோட் 1948-இல் பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் சென்றதற்காகத் தண்டம் கட்டினார், வானொலி வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. நல்லொழுக்கத்தைப் பற்றி அவர் பேசியதை இன்று யாராவது மறுபடி கேட்டால் அந்தப் பயணச்சீட்டை மறந்துவிட்டுக் கேட்க முடியுமா என்று தெரியவில்லை. மறுமுறை கேட்பதன் இந்தச் சிக்கலுக்குப் பின்னால் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

எழுதிய பேச்சையும் எழுதாத பேச்சையும் காதால் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முதல் கேள்வி எதையும் காட்டாது, ஏனெனில் அது எப்போதும் முன்பே தயாரித்ததுதான். இரண்டாவது கேள்வியைக் கவனிக்க வேண்டும். அது பதிலில் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறதா, அல்லது பதில் என்னவாக இருந்திருந்தாலும் அடுத்ததாக வந்திருக்கக்கூடியதா என்று பார்த்தால், கேட்பவர் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாரா என்பது தெரிந்துவிடும். தமிழில் வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் கேள் என்ற ஒரே வினைச்சொல் இருப்பதும், கேள்வி என்பது வினாவையும் கேட்டு அடைந்த அறிவையும் சேர்த்தே குறிப்பதும் இந்த இடத்தில் மிகவும் பொருத்தமாக இருக்கிறது. நல்ல நேர்காணலில் இந்த இரண்டு கேட்டலும் ஒன்றாகிவிடுகின்றன. மோசமான நேர்காணலில் ஒருவர் கேட்டுக்கொண்டே போகிறார், ஆனால் எதையும் கேட்பதில்லை.

இந்தக் கலையில் அமெரிக்காவின் ஸ்டட்ஸ் டெர்க்கலுக்கு இணையாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. 1912-இல் பிறந்த அவர் 1952 முதல் 1997 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் உரையாடல்களை நடத்தினார். எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் அரசியல் போராளிகளும் அவர் முன் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களோடு எந்தப் புகழும் இல்லாத மனிதர்களும் உட்கார்ந்தார்கள். வேலை செய்பவர்கள் தம் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களுடைய வாய்மொழியாகவே தொகுத்து 1974-இல் அவர் வெளியிட்ட நூல் இந்தப் பழக்கத்தின் நீட்சியாகவே அமைந்தது. ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதில் அவர் பேர்போன தடுமாற்றக்காரர். பொத்தானைத் தப்பாக அழுத்துவார், நாடா ஓடவில்லை என்று எதிரில் இருப்பவர்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இதை ஒரு குறையாக அவர் கருதவில்லை. கருவியைக் கையாளத் தெரியாத ஒருவருக்குத் தாம் உதவுகிறோம் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், பேட்டி கொடுக்கும் அச்சத்தை மறந்துவிடுகிறார் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

அவர் பலமுறை சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த ஏழைப் பெண் ஒருவரிடம் அவர் பேசிப் பதிவு செய்கிறார். சுற்றி நிற்கும் குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று குதிக்கிறார்கள், அவர் நாடாவைத் திருப்பி ஓட்டிக் காட்டுகிறார். தம் பேச்சைத் தாமே கேட்ட அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, தாம் இப்படியெல்லாம் நினைக்கிறோம் என்று இதுவரை தமக்கே தெரியாது என்கிறார். வானொலி உரையாடலின் முழு உளவியலும் இந்தச் சிறு சம்பவத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணிடம் முன்பே ஒரு கருத்து இருந்து அதை டெர்க்கல் வெளியே எடுக்கவில்லை. யாரோ ஒருவர் அக்கறையோடு கேட்டதனால் அது அந்த நேரத்தில் உருவானது, உருவானதைத் தம் காதால் இரண்டாம் முறை கேட்ட பிறகே அது தம்முடையது என்று அவர் அறிந்தார். மறுமுறை கேட்பது என்ற செயலை முதன்முதலில் செய்தவர் நேயர் அல்லர், பேசியவரே.

டெர்க்கலின் பேச்சுகள் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. 2018 முதல் அவற்றில் பலவற்றை இணையத்தில் கேட்க முடிகிறது. ஆனால் இவ்வளவு முழுமையாக ஒருவருடைய பேச்சு மிஞ்சுவது விதிவிலக்கு. ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1927-க்கும் 1933-இன் தொடக்கத்துக்கும் இடையே ஜெர்மானிய வானொலியில் எண்பதுக்கும் மேற்பட்ட முறை பேசியிருக்கிறார். அவற்றில் பல குழந்தைகளுக்கானவை. மோசடிக்காரர்கள், பேரழிவுகள், நகரத்து வாழ்க்கை என்று மனிதர்களின் விசித்திரங்களை அவர் அவர்களுக்கு விவரித்தார். எழுத்துப் பிரதிகள் பல கிடைத்துவிட்டன, அவருடைய குரலின் பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸின் ஆரம்பகால ஒலிபரப்புகளிலும் மிகச் சிலவே ஒலியாக எஞ்சியுள்ளன. ஒலித்தட்டில் பதிவு செய்வது செலவு மிகுந்தது, வானொலி காற்றோடு போவதற்கென்றே உண்டானது என்ற எண்ணமும் இருந்தது. காந்த நாடா வந்த பிறகு வேறொரு ஆபத்து முளைத்தது: அதே நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். நாளை யாராவது கேட்பார்கள் என்று நினைத்தவற்றை மட்டுமே நிலையங்கள் எடுத்து வைத்தன, அந்த நினைப்பு பெரும்பாலும் புகழின் அடிப்படையில் இருந்தது. எனவே கடந்த காலத்துச் சமூகத்தைப் பற்றி நாம் இன்று கேட்கக் கிடைப்பது அந்தச் சமூகத்தைப் பற்றிப் பேசியவர்களின் குரல்தான், அதில் வாழ்ந்தவர்களின் குரல் அபூர்வமாகவே கிடைக்கிறது.

அப்படி அபூர்வமாக அகப்பட்ட இடங்களில் ஒன்று, மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டி.டபிள்யூ. வினிகாட் பி.பி.சி.யில் நிகழ்த்திய பேச்சுகள். 1943 முதல் 1962 வரை அவர் பெற்றோர்களுக்காக, குறிப்பாகத் தாய்மார்களுக்காக, பேசிவந்தார். நிபுணர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லாமல், நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது என்ன என்பதை நான் உங்களுக்கு விவரித்துக் காட்டுகிறேன் என்ற நிலையிலிருந்து பேசியது அவருடைய சிறப்பு. 1960-இல் அவர் கையாண்ட முறை இன்னும் சுவையானது. தாய்மார்கள் சிலர் ஒன்றுகூடி, குழந்தைகளிடம் வேண்டாம் என்று எப்போது, எப்படிச் சொல்கிறோம் என்பதையும், தாயாக இருப்பதில் தமக்கு எரிச்சலூட்டுவது எது என்பதையும் தமக்குள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டு அதன்மேல் வினிகாட் பேசினார். எரிச்சலை அவர் ஒரு குற்றமாக நடத்தவில்லை, ஒரு தாய் தன் தனிமையையும் தன் நேரத்தையும் முழுவதுமாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் பருவம் ஒன்று உண்டு, அதில் எரிச்சல் வராமல் இருந்தால்தான் வியப்பு என்ற தொனியில் அணுகினார்.

இந்தப் பேச்சுகளை இன்று படிப்பவருக்கு, பதில்களில் பல இன்னும் வாடாமல் இருப்பது முதலில் தெரியும். சிறிது நேரம் கழித்து வேறொன்று உறுத்தத் தொடங்கும். எரிச்சல் பற்றிய கேள்வி தாய்மாரிடம் கேட்கப்பட்டது. தந்தையிடம் அதே கேள்வியைக் கேட்டு ஓர் ஒலிபரப்பு செய்யலாம் என்ற எண்ணமே அந்தச் சூழலில் எழுந்ததாகத் தெரியவில்லை. வினிகாட்டின் பதில் 1960-ஐத் தாண்டி வந்துவிட்டது, அவரிடம் வைக்கப்பட்ட கேள்வி 1960-இலேயே நிற்கிறது. கேள்விக்கு வயது உண்டு என்று நான் சொல்வது இதைத்தான். இதில் அன்றைய தயாரிப்பாளர்களைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. தாய்மார்களின் எரிச்சலைப் பொதுவெளியில் கேட்டதே அப்போது துணிச்சல். நாம் இன்று துணிச்சலாகக் கேட்பதாக நினைக்கும் கேள்விகளிலும் யாரையோ கேட்காமல் விட்டிருக்கிறோம், யாரை என்பது நமக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு.

குரல் மட்டுமே வரும் ஊடகத்தில் மனிதரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. இதைச் சோதித்த ஒரு வேடிக்கையான முயற்சி 1994-இல் பிரிட்டனில் நடந்தது. புகழ்பெற்ற அரசியல் நேர்காணலாளர் சர் ராபின் டேயிடம் அவருக்குப் பிடித்த திரைப்படம் எது என்று உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் இரண்டு முறை பேட்டி எடுத்தார். ஒன்றில் டே உண்மை சொன்னார், மற்றதில் முழுக்கப் பொய் சொன்னார். இரண்டு பேட்டிகளும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் செய்தித்தாளிலும் வெளியாகின. எது பொய் என்று மக்களிடம் கேட்டபோது 40,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். வானொலியில் கேட்டவர்களில் சுமார் 73 சதவீதம் பேரும், படித்தவர்களில் 64 சதவீதம் பேரும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 52 சதவீதம், அதாவது காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்ததற்கு ஏறக்குறைய சமம். ஒரே ஒரு மனிதரை, ஒரே ஒரு பொருளில் வைத்துச் செய்த சோதனை என்பதால் இதைப் பெரிய விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 2017-இல் மைக்கேல் கிராஸ் வெளியிட்ட ஆய்வும், முகத்தையும் குரலையும் சேர்த்துக் கவனிப்பவர்களைவிடக் குரலை மட்டும் கவனிப்பவர்கள் எதிராளியின் உணர்ச்சியைத் துல்லியமாகக் கணிக்கிறார்கள் என்ற அதே பக்கத்தையே காட்டியது. முகபாவத்தை நாம் கட்டுப்படுத்தப் பழகியிருக்கிறோம், குரலை அந்த அளவு கட்டுப்படுத்த முடிவதில்லை என்பது ஒரு விளக்கம். கவனம் ஒரே வழியில் குவிகிறது என்பது இன்னொன்று.

குரலோடு சேர்த்துக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டானியா ஸ்டைவர்சும் உடன் ஆய்வாளர்களும் பத்து மொழிகளில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆம் என்ற பக்கம் சாயும் பதில்கள் விரைந்து வருகின்றன, மறுப்புகள் தாமதிக்கின்றன. மனிதக் காது இந்தச் சிறு வேறுபாட்டை எண்ணிப் பார்க்காமலே உணர்ந்துகொள்கிறது. அப்படியிருக்க, முழு நொடி நீளும் ஒரு தயக்கம் எவ்வளவு பெரிய செய்தி என்பதையும், பிளேடால் அதை வெட்டி எடுத்தவர் எவ்வளவு பெரிய திருத்தத்தைச் செய்தார் என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். பதிலின் சொல் ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை, ஆனால் மறுக்க நினைத்தவரை ஒப்புக்கொண்டவராக மாற்றியிருக்கக்கூடும்.

மறுமுறை கேட்பதன் வல்லமையையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டும் உதாரணம் ஆன்டனி கிளேரின் நிகழ்ச்சியிலிருந்து கிடைக்கிறது. அயர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவரான கிளேர், பி.பி.சி. ரேடியோ 4-இல் 1982 முதல் 2001 வரை, புகழ்பெற்றவர்களைத் தம் எதிரில் அமர்த்தி அவர்களுடைய இளமை, பெற்றோர், அச்சம், இழப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேச வைத்தார். சிகிச்சையறையின் கேள்விகளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது அந்த நிகழ்ச்சி. சிகிச்சையறையின் ரகசியத்தை அங்கே கொண்டுவர முடியாது என்பதால், பேசுபவர் மருத்துவருக்கும் பல லட்சம் பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1991-இல் தொலைக்காட்சி நட்சத்திரமும் தொண்டு நிதி திரட்டுபவரும் முந்தைய ஆண்டுதான் சர் பட்டம் பெற்றவருமான ஜிம்மி சாவில் அவர் முன் வந்தார். உணர்ச்சிகரமான பிணைப்புகள் தமக்குத் தேவைப்படுவதில்லை என்ற பாவனையிலேயே சாவில் பேச்சு முழுவதையும் கடத்தினார், கிளேர் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து தட்டிப் பார்த்தார். மக்கள் ஒரு மகானைப் போல நடத்திய அந்த மனிதரிடம் உறைய வைக்கும் ஏதோ ஒன்று இருப்பதாகக் கிளேர் பின்னர் எழுதினார். கிளேர் 2007-இலும் சாவில் 2011-இலும் இறந்துபோனார்கள். சாவில் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகள் உட்பட ஏராளமானோரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியவர் என்பது 2012-இல்தான் வெளியே வந்தது.

அதன் பிறகு அந்தப் பதிவைக் கேட்டவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கேட்டார்கள். எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையே என்ற வியப்பு எழுந்தது. இந்த வியப்பைச் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் 1975-இல் வெளியிட்ட சோதனைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போர் போன்ற, பங்கேற்பாளர்களுக்குப் பரிச்சயமில்லாத நிகழ்வுகளை விவரித்து, சிலருக்கு மட்டும் அதன் முடிவு இன்னதென்று சொல்லப்பட்டது. எந்த முடிவைச் சொன்னாலும், சொல்லப்பட்டவர்கள் அந்த முடிவுதான் முன்பே நடக்கக்கூடியதாக இருந்தது என்று மதிப்பிட்டார்கள், தமக்கு அது சொல்லப்பட்டதால்தான் அப்படித் தோன்றுகிறது என்பதை அவர்கள் உணரவில்லை. முடிவு தெரிந்த பின் பழைய பதிவைக் கேட்கும் நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். உணர்ச்சியைப் பற்றிப் பேசத் தயங்கும் மனிதர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்தவர்கள் அல்லர். அந்தப் பேட்டியை வைத்து 1991-இலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்வது, கேட்பவரின் இன்றைய அறிவை அன்றைய காதுக்குக் கடன் கொடுப்பதாகும்.

ஆனால் கிளேரின் கேள்விகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் கதை வேறு. அவருக்கு முடிவு தெரியாது. பதில் பொருந்தவில்லை என்பது மட்டும் தெரிந்தது, அதனால் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நமக்கு இன்று கிடைக்கும் பாடப்பொருள் சாவிலின் நழுவல் அல்ல, ஏனெனில் அதை நாம் இனி நடுநிலையோடு கேட்கவே முடியாது. ஒரு நாடே போற்றிய ஒருவரிடம் மரியாதை குறையாமலும் விட்டுக்கொடுக்காமலும் கேள்வி எப்படித் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டது என்பதை இன்றும் கேட்டறிய முடியும். அந்தக் கேள்விகள் எந்த எல்லையில் நின்றுவிட்டன என்பதும் அதே பதிவில் இருக்கிறது. அந்த எல்லை கிளேருடைய தனிப்பட்ட குறையல்ல, அன்றைய சமூகத்துக்கு இருந்த கேட்கும் துணிவின் அளவு அது.

வாதமாக நடந்த பேச்சுகளில் இதன் மறுபக்கம் தெரிகிறது. 1965-இல் ஜெர்மானிய வானொலியில் தத்துவவாதிகளான தியோடர் அடோர்னோவும் ஆர்னால்ட் கேலனும் சமூகவியலைப் பற்றி விவாதித்தார்கள். இருவரும் அரசியலில் எதிரெதிர்த் துருவங்கள். மனிதன் இயல்பிலேயே பலவீனமானவன், நிறுவனங்களும் மரபுகளும் அவன் தோளிலிருந்து சுமையை இறக்கிவைக்கின்றன என்பது கேலனின் நிலை. அந்த நிறுவனங்கள் ஏற்றிவைத்த சுமையால்தான் மனிதன் அவற்றிடமே அடைக்கலம் தேடுகிறான் என்பது அடோர்னோவின் நிலை. ஒரு கட்டத்தில், கொள்கை, சிந்தனை, தவறு செய்து திருத்திக்கொள்ளுதல் ஆகியவற்றின் பாரத்தை எல்லா மனிதர்களும் சுமக்க வேண்டும் என்று நீங்கள் உண்மையிலேயே எதிர்பார்க்கிறீர்களா என்று கேலன் கேட்கிறார். ஆம் என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறேன் என்கிறார் அடோர்னோ. நீண்ட வாக்கியங்களுக்குப் பேர்போன ஒரு தத்துவவாதியிடமிருந்து அந்த ஒற்றைச் சொல்லை வரவழைத்தது கேலனின் கேள்வி. தோழமையான நேர்காணலாளர் எவரும் அதை அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க மாட்டார். சமூகத்தைப் பற்றிய நல்ல வானொலிப் பேச்சுக்கு இணக்கம்தான் அடிப்படை என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. பழைய பதிவுகளை வரிசையாகக் கேட்கும்போது எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

அடோர்னோ 1969 ஜூலையில், மனிதர்கள் தாமாகச் சிந்திக்கும் முதிர்ச்சிக்குக் கல்வி எப்படி வழிவகுக்கும் என்பது பற்றிக் கல்வியாளர் ஹெல்முட் பெக்கருடன் பேசிப் பதிவு செய்தார். ஆகஸ்ட் 6 அன்று இறந்துபோனார். அந்தப் பேச்சு அதற்கு ஒரு வாரத்துக்குப் பின் ஒலிபரப்பானது. அதை முதன்முறை கேட்ட நேயர்களே இறந்தவரின் குரலாகத்தான் அதைக் கேட்டார்கள், ஆகவே அதற்கு முதல்முறை கேட்டல் என்ற ஒன்று இருந்ததேயில்லை.

இப்போது காப்பகங்களைத் திறந்து கேட்பவர்களில் பலர் கைப்பேசிச் செயலிகள் வழியாகக் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி உண்டு, பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. நேரம் மிச்சமாகிறது என்பதால் பலர் அதை நிரந்தரமாக இயக்கிவைத்திருக்கிறார்கள். ஒரு நொடிக்கு 38 சென்டிமீட்டர் என்று அளந்து வெட்டிய தொகுப்பாளராவது எந்தத் தயக்கத்தை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிவு செய்தார். அவர் விட்டுவைத்த தயக்கங்களையும், கேள்விக்குப் பின் பதில் வரும்வரை டெர்க்கலோ கிளேரோ பொறுமையாகக் காத்திருந்த நேரத்தையும், அந்த வசதி எந்தக் கேள்வியும் இல்லாமல் அகற்றிவிடுகிறது.